கரடி கற்ற பிளாக்ஜாக்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் தாண்டவராயன் என்றொரு கரடி இருந்தது. கணக்கில் அது புலி. உண்மையான புலிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் என்ன செய்ய? புலிக்குக் கணக்கு வராது.

தாண்டவராயன் புற்றைக் கிளறினால், எறும்புகளை எண்ணி முடித்த பிறகுதான் சாப்பிட உட்காரும். அதற்குள் பாதி எறும்புகள் குடும்பத்தோடு வேறு புற்றுக்குக் குடிபோயிருக்கும்.

அதே காட்டில் அம்புஜம் என்ற தந்திரக்கார நரியும் இருந்தது. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ பாறைமேல் மறந்துவிட்டுப் போன கைபேசி ஒன்று அதற்குக் கிடைத்தது. வெயிலில் வைத்தால் உயிர் பெறும் வகை அது. தொட்டதும், "வாருங்கள், பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடலாம்!" என்று இனிமையாகக் கூப்பிட்டது.

நரி அந்தக் கைபேசிக்குப் ‘பெட்டி' என்று பெயர் வைத்து, அந்தப் பாறையையே கடையாக்கிக்கொண்டது.

"பெட்டியோடு ஆடுங்கள். ஜெயித்தால் பலாப்பழம். தோற்றால், வைத்த பந்தயம் எனக்கு. பெட்டிக்கு ஏஜெண்ட் நான்தான்," என்றது.

முதலில் மயில் ஆடித் தோற்றது. கையில் வேறொன்றும் இல்லாததால் தன் நடனத்தைப் பந்தயம் வைத்திருந்தது. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் நரிதான் ஆடியது. பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்துப் புலி தன் பாய்ச்சலைத் தோற்றது. பிறகு அது மான்களிடம் நடந்தே போய், "தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள்," என்று கேட்க வேண்டியதாயிற்று. "இன்று முடியாது," என்று மான்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயின.

இதையெல்லாம் கேட்ட தாண்டவராயன் சிரித்தது.

"எண்ணத் தெரியாதவர்கள் ஆடினால் அப்படித்தான். நான் போய் விதிகளைக் கற்றுக்கொண்டு வருகிறேன்," என்றது.

அதன் மனைவி மங்களம், "என்னங்க, கற்றுக்கொண்டு வாருங்கள். ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள், வரும்போது கிழங்கு கொண்டு வாருங்கள்," என்றது.

நரி கரடியைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"வாருங்கள் அண்ணா! உங்களைப் போன்ற படித்தவருக்காகத்தான் இந்தப் பெட்டி காத்திருந்தது. ஆட்டம் மிக எளிது. உங்களுக்கு இரண்டு சீட்டு, பெட்டிக்கு இரண்டு சீட்டு. பெட்டி ஒன்றைக் காட்டும், ஒன்றை மறைக்கும். கூட்டினால் இருபத்தொன்றை யார் நெருங்குகிறாரோ அவருக்கே வெற்றி. இருபத்தொன்றைத் தாண்டினால் வெடித்துவிடும்."

"யார் வெடிப்பது?" என்று கரடி பின்வாங்கியது.

"நீங்கள் இல்லை அண்ணா, உங்கள் கணக்கு."

"சரி. ராஜா, ராணி என்று படம் போட்டிருக்கிறதே, அவர்களை எப்படி எண்ணுவது?"

"எல்லோரும் பத்து. ஏஸ் என்ற சீட்டு மட்டும் உங்கள் வசதிப்படி ஒன்று, அல்லது பதினொன்று. சீட்டு போதவில்லை என்றால் ‘இன்னொன்று' என்று தொடுங்கள். போதுமென்றால் ‘போதும்' என்று தொடுங்கள். நீங்கள் முடித்த பிறகு பெட்டி எடுக்கும். இருவருக்கும் ஒரே எண் வந்தால் பந்தயம் உங்களிடமே திரும்பும்."

"பெட்டி எத்தனை எடுக்கும்?"

நரி குரலைத் தாழ்த்தியது. "அதைத்தான் பெரிதாக யாரும் கேட்பதில்லை. பதினாறு வரை இருந்தால் அது எடுத்தே ஆக வேண்டும். பதினேழு வந்துவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். பாவம், அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது."

கரடியின் மீசை துடித்தது. எதிராளிக்குப் புத்தி இல்லை, தனக்கோ கணக்கு வரும். இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் ஆட்டத்தில் ஒரு ராணியும் ஓர் ஏஸும் வந்தன. இருபத்தொன்று! நரி பலாப்பழத்தை உருட்டிக் கொடுத்தது. கரடி அதைத் தொடக்கூட இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு அதையே வைத்தது. போயிற்று. பிறகு தன் உறுமலை வைத்தது. போயிற்று. மதியத் தூக்கத்தை வைத்தது. அதுவும் போயிற்று. ஒவ்வொரு முறையும், "விதியில் ஏதோ ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தது.

கடைசியில், "என் குகை!" என்றது மெல்லிய குரலில். உறுமல்தான் போய்விட்டதே.

ஒரு பத்தும் ஓர் ஆறும் வந்தன. பதினாறு. பெட்டி ஒரு பத்தைக் காட்டியது. கரடி யோசித்து யோசித்து ‘இன்னொன்று' தொட்டது. ஒன்பது வந்தது. வெடித்தது.

அப்போது பெட்டி மறைத்திருந்த சீட்டைத் திருப்பியது. அதுவும் ஆறு.

"பெட்டிக்கும் பதினாறுதானே! விதிப்படி அது இன்னொன்று எடுக்க வேண்டும். எடுத்தால் அதுவும் வெடித்திருக்கலாமே!" என்றது கரடி.

"நீங்கள்தான் முதலிலேயே வெடித்துவிட்டீர்களே அண்ணா! பிறகு அது எதற்கு எடுக்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டு, நரி குகைக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு போனது.

மங்களமும் குட்டிகளும் மழையில் நின்றன. குட்டிகள் தும்மின. மங்களம் அவற்றைத் தன்னோடு அணைத்துக்கொண்டது. அது திட்டியிருந்தால்கூடத் தாண்டவராயனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நனைந்த ரோமத்தோடு தாண்டவராயன் விதிகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தது. ஒரு விதி வந்ததும் அதன் கண்கள் அகல விரிந்தன.

மறுநாள் காலை எல்லா விலங்குகளையும் பாறைக்குக் கூட்டி வந்தது.

"அம்புஜம், இன்னோர் ஆட்டம் ஆடலாம். ஆல இலைகளில் புள்ளி வைத்துச் சீட்டாக்கியிருக்கிறேன். விதிகளில் மாற்றமே கிடையாது. நான் பெட்டியின் பக்கம் உட்காருகிறேன், நீ ஆடுகிறவர் பக்கம் உட்கார். நீ ஜெயித்தால் என் ரோமமும் உனக்கு. தோற்றால் எங்கள் பொருளையெல்லாம் திருப்பிக் கொடு."

நரியின் வால் சுருங்கியது. "எனக்குக் கணக்கு வராதே அண்ணா."

"குட்டிகள்கூட ஆடலாம் என்று என்னிடம் சொன்னாயே," என்றது மயில்.

"எனக்கு வயிறு சரியில்லை."

"உட்கார்ந்துதானே ஆடப்போகிறாய்! சமமான ஆட்டத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன?" என்றது புலி.

நரிக்கு ஆத்திரம் பொங்கியது. "நன்றாக இருக்கிறதே! முதலில் வெடிக்கிற பக்கத்தில் போய் உட்கார நான் என்ன முட்டாளா?"

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அங்கிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

புலி நரிமேல் பாய்ந்தது. பாதித் தூரத்தில்தான், தன் பாய்ச்சலைத் தோற்றுவிட்டோம் என்பது அதற்கு ஞாபகம் வந்தது. அந்தரத்தில் நிறுத்த முடியாதே! "அடடா, நான் பாய்கிறேன்!" என்று கத்திக்கொண்டே போய் விழுந்தது. நரி மயிரிழையில் தப்பி, காட்டைவிட்டே ஓடியது.

தாண்டவராயன் மெல்ல வாயைத் திறந்து உறுமிப் பார்த்தது. உறுமல் உள்ளேயேதான் இருந்தது. அதைக் கேட்டு மயிலும் தோகையை விரித்துப் பார்த்தது. யாரும் தடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. பாறைமேல் கைபேசி மட்டும் கிடந்தது. வெயில் பட்டதும் அது கண் விழித்தது.

"வாருங்கள்! உங்களுக்கு மட்டும் ஓர் இலவச ஆட்டம்!"

தாண்டவராயனின் கை தானாக நீண்டது.

"என்னங்க, என்ன செய்கிறீர்கள்?" என்றது மங்களம்.

"ஈ ஓட்டுகிறேன்."

"ஈயே இல்லையே."

கரடி தன் கையைப் பார்த்தது. மனைவியைப் பார்த்தது. தும்மிக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது. பிறகு திரும்பி, தன் முழு எடையோடு பெட்டிமேல் உட்கார்ந்தது. அடியில் ஏதோ நொறுங்கியது. சரியாக எத்தனை துண்டு என்று அது எழுந்து எண்ணவில்லை.

நீதி: ஆட்டத்தின் விதிகளைக் கற்றால் மட்டும் போதாது, அவை யாரை ஜெயிக்க வைப்பதற்காக எழுதப்பட்டவை என்று பார்க்காமல் ஆட உட்காராதே.