ஓணான்துறையில் பதினோரு ஈட்டிகள்

கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறீர்கள், அது உறுதி. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். அதற்கு முன்னால் ஒருவனுக்குத் தலை போகவேண்டியிருக்கிறது.

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மின்னல்வேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் தொட்டிலில் கிடந்தபோது, ஓணான்துறை ஆற்றங்கரையில் அவன் அப்பாவின் படை பகையரசன் கருநாகனைத் தோற்கடித்தது. அந்த நாளை வருஷா வருஷம் ஊரே கொண்டாடும். ஊர்வலம், முரசு, கடைசியில் போர்க்கூத்து. கருநாகன் வேஷம் மாசானத்துக்கு. எந்தக் குரலும் அவன் தொண்டைக்குள் அடக்கம். கழுத்தில் மரக்கத்தி படும், செம்பருத்திச் சாறு வழியும், சனம் சீழ்க்கையடிக்கும். நிஜக் கருநாகனை வெட்டியதாகச் சொல்லும் தளவாய் வல்லப்பருக்கோ ஒரு சீழ்க்கைகூட விழாது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

இந்த வருஷம் ராஜா கொட்டாவி விட்டான். "சாறு, சாறு! சலித்துவிட்டது தளவாய். இந்தத் தடவை எல்லாம் அன்று நடந்த மாதிரியே நடக்கவேண்டும்."

தளவாய் மீசையைத் தடவினார். "அப்படியானால் நிஜக் கத்தி, நிஜக் கழுத்து, மகாராஜா. நானே வெட்டுகிறேன்."

"பலே!"

அன்று முதல் மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்து இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான்.

திருநாளும் வந்தது. ஆற்றங்கரையில் தளவாயின் கத்தி பளபளத்தது. மாசானம் ராஜா காலில் விழுந்தான்.

"தலை தயார், மகாராஜா. ஆனால் நடந்த மாதிரியே என்று உத்தரவு. மார்பில் பதினோரு ஈட்டி பாய்ந்தும் நின்று வெட்டினேன் என்கிறாரே தளவாய்! ஈட்டிக்காரர்களைக் கூடாரத்தில் நிறுத்தியிருக்கிறேன்."

"பதினொன்றும் பாயட்டும்!"

"மகாராஜா, நான் செத்துப்போவேனே!" என்று பதறினார் தளவாய்.

"அன்று சாகவில்லையே?"

மாசானம் கூடாரத்துக்குள் ஓடினான். உள்ளே ஓர் ஈ காக்கை இல்லை. ஓர் இரும்புச் சட்டி, ஒரு கரண்டி. எவனாவது திரையை விலக்கினால் தீர்ந்தது கதை.

டங்! "ஒண்ணு, தயார்!" கரகரத்த கிழட்டுக் குரல்.

டங்! "ரெண்டு, தயாருங்க!" மூக்கால் ஒரு குரல்.

"மூணு! எங்கே குத்தணும் சாமி, நெஞ்சிலேயா, தொப்பையிலேயா?"

ஒன்பதாவது குரலுக்குத் தொண்டை வறண்டு வெறும் காற்றுதான் வந்தது. வெளியே தளவாயின் காலடி திரையை நோக்கி நெருங்கியது. மாசானம் சட்டியை ஓங்கித் தட்டினான். "ஒம்பது! தள்ளி நில்லுங்க, ஈட்டி நீளம்!"

காலடி நின்றது. கடைசி இரண்டு குரலையும் அவன் கண்ணை மூடிக்கொண்டே கத்தி முடித்தான்.

"மகாராஜா... பதினொன்று இல்லை, மூன்று!" என்று வெளியே தளவாய் அலறினார்.

"மூன்று பாயட்டும்."

"ஒன்று! அதுவும் உரசல்தான்!"

"உரசட்டும்."

"ஐயோ, ஒன்றுமே இல்லை! நான் வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்திருந்தேன்!"

"அப்போது கருநாகனை வெட்டியது யார்?"

"யாருமில்லை. யானை சறுக்கி ஆற்றில் விழுந்தான். நீந்திப் போய்விட்டான்."

கூடாரத்துக்குள்ளிருந்து மாசானம் திரையிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"சரி, நடந்த மாதிரியே நடக்கட்டும்!" என்றான் ராஜா. "மாசானம் ஆற்றில் நீந்தட்டும். கரையேறியதும் தளவாயின் குதிரை அவனுக்கு. தளவாய் வைக்கோல் வண்டியில் ஏறட்டும். இனி வருஷா வருஷம் ஊர்வலத்தில் முதல் வண்டி அதுதான்! உண்மையைக் கக்கவைத்த அந்தப் பதினோரு வீரர்களையும் கூப்பிடு, தாம்பூலம் தரவேண்டும்."

தளவாயே திரையை விலக்கினார். மூலைக்கு மூலை பார்த்தார். சட்டிக்கு அடியில்கூட எட்டிப் பார்த்தார்.

மாசானம் முதுகைக் கூனிக்கொண்டு, "ஒண்ணு, தயார்!" என்றான்.

தளவாயின் மீசை மெல்லத் தொங்கியது.

"அடப்பாவி... பதினொன்றும் நீதானாடா?"