சேர்மன் வண்டித் துரு

சேர்மன் பொன்னுரங்கம் காரை விட்டு இறங்கினாலே சந்தைப்பேட்டையில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள். அன்று நாலு ஆட்களோடு இறங்கினார். நசுங்கிய வண்டித் தகட்டை நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்க்கும் அருஞ்சுனை, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"போன வாரம் உன்கிட்ட பாலிஷ் போட விட்டேன். இப்போ முன் மட்கார்டுல துரு கொப்புளிச்சிருக்கு. கண்ட தண்ணியை ஊத்திக் கெடுத்துட்டே. பெயிண்ட் கலையாம இப்பவே துருவை எடு. இல்லைன்னா உனக்குக் கை இருக்காது!"

எதிர் டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் சின்னையனும் பார்த்தார். கார்த்திகையில் அவர் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று இன்னும் தெரியவில்லை.

"வண்டி எங்கயாச்சும் அடிபட்டிருக்குங்களா?" என்று கேட்டான் அருஞ்சுனை.

"ஒரு கோழிகூட மோதினதில்லை. கம்பெனியில வந்த அதே தகடுடா!"

"அப்படின்னா என் தப்புதானுங்க. தகட்டை மட்டும் ஒருக்காப் பார்த்துடலாம். எனக்குக் கை நடுங்குது, இந்தக் காந்தத்தை நீங்களே வெச்சுப் பாருங்க."

சேர்மன் கதவில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. மட்கார்டில் வைத்தார். கீழே விழுந்தது. அழுத்தி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"தகடுன்னா ஒட்டுமுங்க. இது பட்டிப் பசை, காந்தம் ஒட்டாது. நசுங்கின பள்ளத்துல அப்பி, மேலே பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதுக்குள்ள ஈரம் நின்னுதான் துரு."

தபால்காரர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

அருஞ்சுனை சுரண்டியை எடுத்தான்.

"துருவை எடுத்துடலாமுங்க ஐயா. பட்டியைச் சுரண்டினா உள்ளே இருக்கற பள்ளமும் எல்லாருக்கும் தெரியும். இப்பவே சுரண்டட்டுங்களா?"