கண்ணைக் காட்டாத கணவாய்

மீனும் மனிதனும் ஒரே பாஷை பேசிய வெகு காலத்துக்கு முன்னால், சங்குத்தீவு என்று ஒரு நாடு இருந்தது. அந்தத் தீவின் கடலுக்கு எங்கிருந்தோ ஒரு கணவாய் மீன் வந்து சேர்ந்தது. கப்பல் அளவு கணவாய்.

அது இரையைத் துரத்தாது. நீரின் மேலே வந்து சும்மா மிதக்கும். அதன் உடம்பில் நிறங்கள் ஓடும். சிவப்பு ஓடும், பச்சை ஓடும், பொன் ஓடும். வயல்மேல் மேக நிழல் ஓடுவதுபோல் நிற்காமல் ஓடும். பார்த்தவன் பார்த்தபடி நிற்பான். பிறகு இரண்டு நீளக் கைகள் சாட்டைபோல் பாயும். ஆள் இருக்கமாட்டான். படகு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

தப்பி வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுவார்கள். பாயில் படுத்தால் எழுந்துவிடுவார்கள். கடலைப் பார்த்தபடி கரையில் நடந்துகொண்டே இருப்பார்கள். ஒருநாள் நடை தண்ணீருக்குள் போய்விடும்.

கயற்கொடியின் கணவன் வழுதி அப்படித் தப்பி வந்தவன். அலை படகைத் திருப்பிவிட்டதால் பிழைத்தான். அவனை அவள் வீட்டுத் தூணில் கட்டி வைத்திருந்தாள்.

"அவிழ்த்து விடு கயலு. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"போனா திரும்பி வரமாட்டீங்க."

"தெரியும். இருந்தாலும் அவிழ்த்து விடு."

கயற்கொடி முடிச்சை இன்னும் இறுக்கினாள். "அதோட கண்ணு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கண்ணா? நிறம்தான் ஓடிச்சு."

கரையில் நடந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாள். "கண்ணா? நிறம்தான் ஓடிச்சு" என்றார். அதேபோல் தப்பி வந்ததால் அரண்மனையில் பூட்டி வைத்திருந்த இளவரசனை ஜன்னல் வழியாகக் கேட்டாள். அவனும் அதையேதான் சொன்னான்.

வேட்டையாடுகிற பிராணி இரையைப் பார்க்காமலா கை நீட்டும்? அதற்குக் கண் இருக்கிறது, யாரும் தேடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கண்ணைக் கண்டுவிட்டால் நிறத்தின் மயக்கம் ஏறாது என்று நினைத்து, உச்சி வெயிலில் படகைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனாள்.

கணவாய் எழுந்தது. சிவப்பு ஓடியது, அவள் கையிலிருந்து துடுப்பு நழுவியது. பச்சை ஓடியது, கணவன் பெயர் மறந்தது. பொன் ஓடியது, வந்த காரியமே மறக்கப் பார்த்தது. "கண்ணு, கண்ணு, கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடினாள். ஒரு கை பாய்ந்து அவள் இடுப்பை வளைத்தது. அப்போதுதான் கண்டாள். அத்தனை நிறங்களுக்கும் நடுவே, நிறம் மாறாத ஒரு கருவிழி. அது அவளைவிடப் பயந்து போயிருந்தது.

"உனக்கும் தூக்கம் இல்லையா?" என்றாள்.

பிடி தளர்ந்தது. "என்னையா பாக்குறே?" என்றது கணவாய். "நான் ஒரு மந்திரவாதி, தாயி. வித்தை காட்டும்போது சபையில ஒருத்தர் கொட்டாவி விட்டாக்கூட எனக்குப் பொறுக்காது. யாரும் கண்ணெடுக்க முடியாத நிறம் வேணும்னு கடலரசிகிட்ட கேட்டேன். என்னைக் கணவாயாக்கிக் கொடுத்தா. நிறத்தை விட்டு உன்னை ஒருத்தர் பாக்குற வரைக்கும் இப்படியே கிடன்னும் சொன்னா. கிட்ட இழுத்தாவது பாப்பாங்களான்னுதான் ஒவ்வொருத்தரையும் இழுத்தேன்."

"அவங்க எல்லாம் எங்கே?"

"என் வயித்துல தூங்குறாங்க."

சொல்லும்போதே நிறங்கள் வெளுத்தன. பெரிய உடம்பு நுரையாகக் கரைந்தது. காணாமல் போனவர்கள் இருமிக்கொண்டே தண்ணீருக்கு மேலே வந்தார்கள். நடுவில் மெலிந்த மனிதன் ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவனை அடிக்க ஒருவர் கை ஓங்கினார்.

"விடுங்கண்ணே, அவனும் கரைக்கு வரட்டும்" என்று கயற்கொடி அவனைத் தன் படகில் ஏற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வழுதியின் கட்டை அவிழ்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"கால் ரொம்ப வலிக்குது கயலு" என்றான். சொல்லிவிட்டு அங்கேயே தூங்கிப்போனான்.

அரசன் கயற்கொடியைத் துறைமுகத்துக்கே தலைவியாக்கினான். மந்திரவாதி அவளிடம் படகோட்டியாகச் சேர்ந்தான். அவன் துடுப்புப் போடும்போது யாராவது கொட்டாவி விட்டால், "படுங்க, கரை வந்ததும் எழுப்புறேன்" என்பான்.