சூளைக்காரர் தந்த ஜாமீன்

செம்பாறை நாட்டில் மாதம் மும்மாரி பெய்ததாகப் புலவர்கள் பாடுவார்கள். அப்படியெல்லாம் பெய்யவில்லை. ஐப்பசியில் மட்டும் பெய்யும்; அதுவும் மொத்தமாக. அந்த மழைக்குப் பயப்படாதவன் நாட்டிலேயே நான் ஒருவன்தான். என் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது.

என் பெயர் வேதாசலம். அரசர் வீரபூபதியின் சபையில் விகடம் பேசுவது என் உத்தியோகம். யார் எது கேட்டாலும் மடக்கிப் பதில் சொல்வேன். சபை சிரிக்கும். கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோகும். முப்பது வருடம் இதைத்தான் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டாம் வயதில், இனி பேச்சை மட்டும் நம்பக் கூடாது என்று ஏரிக்கரைக்குக் கீழே ஒரு செங்கல் சூளை போட்டேன். இருபது பேருக்கு வேலை. "ஊருக்கு நல்லது செய்கிறேன்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. மண் எடுப்பவர்கள் நடு ஏரியில்தான் எடுக்க வேண்டும். பத்துக் கூடைக்கு ஒரு கூடையைக் கரைமேல் கொட்டிவிட்டுப் போக வேண்டும். நடு ஏரி தூரம். கரையின் அடிவாரமோ சூளைக்குப் பக்கம். நான் அடிவாரத்திலேயே வெட்டச் சொன்னேன். கரைக்கு ஒரு கூடையும் போகவில்லை.

"கரை இளைக்குதுங்களே ஐயா," என்றார் மேஸ்திரி.

"இளைத்தால் அழகுதான்," என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

புரட்டாசிக் கடைசியில் பேச்சாயி என்பவள் சபைக்கு வந்தாள். கரைக்குக் கீழே இருக்கும் நாற்பது வீடுகளில் ஒன்று அவளுடையது. அவள் கணவன் என் சூளையில்தான் செங்கல் அறுத்தான்.

"இந்த மழைக்குக் கரை நிக்காது மகாராஜா. அடியில அவ்வளவு வெட்டியிருக்கு. அதுக்காகச் சூளையை மூடிடாதீங்க. எங்க தெருவுல பாதிப் பேரு அதுலதான் சாப்பிடுறோம்."

தளவாய் சேதுராயர் எழுந்தார். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் விகடங்களில் பாதி அவருடைய மீசையைப் பற்றியவை.

"சூளையையும் மூடக் கூடாது, கரையும் உடையக் கூடாது. அவ்வளவுதானே? கரை நிற்கும் என்று வேதாசலம் ஜாமீன் தரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"என்ன ஓய், நியாயம்தானே?" என்றார் அரசர்.

"நியாயம்தான் அரசே. ஆனால் உடைக்கப்போவது மழை. ஜாமீனை வருணனிடம் அல்லவா கேட்க வேண்டும்? தளவாய் தம்முடைய மீசையில் ஏறிப் போனால் வானம் எட்டிவிடும்."

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். பேச்சாயி மட்டும் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஐயா பேசுறதைக் கேக்கவே தெம்பா இருக்கு. அப்ப கரைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒன்றும் ஆகாதம்மா."

"அப்ப ஒரே ஒரு உதவி. மழை முடியற வரைக்கும் ஐயா குடும்பத்தோட எங்க வீட்டுல வந்து இருங்க. நாங்க அதே தெருவுல தங்கச்சி வீட்டுல ஒண்டிக்கிறோம். ஐயா பக்கத்துல இருந்தா எங்களுக்கும் பயம் தெரியாது."

மடக்க வழி தேடினேன். மாட்டேன் என்றால், கரை உடையும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சரி என்றால், உடையும்போது நானும் கீழே இருப்பேன்.

"இதைவிட நல்ல ஜாமீன் ஏது?" என்றார் அரசர்.

"வருகிறேன்," என்றேன்.

மறுநாளே மூட்டை முடிச்சுகளோடு போய் இறங்கினோம். பேச்சாயி வீட்டு வாசலில் நின்று கரையை அண்ணாந்து பார்த்தேன். அதன் அடியில் நான் வெட்டிய பள்ளம். அதற்குள் என் மேட்டுத் தெரு வீடே அடங்கிவிடும். அத்தனை நாள் சூளையிலிருந்து பார்த்தபோது அது எனக்கு வெறும் மண்ணாகத்தான் தெரிந்தது.

என் மனைவி மரகதமும் பார்த்தாள். "ஊருக்கு நல்லது செய்றேன்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

நான் மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினேன்.

அன்றைக்கே கல் அறுப்பதை நிறுத்தினேன். ஆனால் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இருபது பேரும் நடு ஏரியிலிருந்து மண் கொண்டுவந்து பள்ளத்தை அடைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். நானும் கூடை தூக்கினேன். பத்தாம் நாள் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா இளைச்சிட்டீங்க," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

சூளையில் சுட்டு வைத்திருந்த கல் முழுவதும் கரையின் அடியில் வரிசையாகப் போய் உட்கார்ந்தது. அது தளவாயின் புது மாளிகைக்கு என்று வைத்திருந்த கல்.

மழை பதினோரு நாள் பெய்தது. ஏரி தளும்பியது. கரை நின்றது.

மழை விட்டதும் அரசர் பார்க்க வந்தார். கூடவே தளவாயும் வந்தார். "என் கல் எங்கே?" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"அதோ, கரையில். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு ஒரு மழைக்காலம் மட்டும் குடும்பத்தோடு இந்த வீட்டில் இருந்துவிட்டுப் போங்கள்."

தளவாய் கரையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். "மாளிகைக்கு ஒன்றும் அவசரமில்லை," என்றார்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுவல்லவா சாதுர்யம். என்ன பரிசு வேண்டும், கேளும்."

அந்தச் சாதுர்யம் பேச்சாயியுடையது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மேட்டுத் தெருவுக்குத் திரும்ப அனுமதி போதும் அரசே," என்றேன் பணிவாக.

அரசர் பேச்சாயியிடம் திரும்பினார். "என்னம்மா, விட்டுவிடலாமா?"

"எங்க வீடு எங்களுக்கு வேணும் மகாராஜா," என்றாள். "ஆனா ஐயா மேட்டுக்குப் போயிட்டா, அடுத்த வருசம் இந்தக் கரையை யாரு பார்ப்பா?"

அரசர் இந்த முறை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பரிசை அறிவித்தார். சூளை எரியும் வரைக்கும் நானும் என் குடும்பமும் அனுபவிக்க, பேச்சாயி வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு மனை.

"வீடு கட்டக் கல்லுக்குச் சூளை உம்மிடமே இருக்கிறது," என்றார் பல்லக்கில் ஏறும்போது. "மண்ணை மட்டும் நடு ஏரியில் எடும்."