கீழிருந்து மூன்றாவது வரி

உப்பளங்கள் முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. ஜன்னலுக்கு வெளியே உப்பு வெள்ளை, உள்ளே சுவர் வெள்ளை, சுவரோரம் கண்ணில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளை. மதியத்தில் அந்த வராந்தாவில் நடந்தால், விழித்துக்கொண்டுதான் நடக்கிறோமா என்று நமக்கே சந்தேகம் வரும்.

அங்கே ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவள் டாக்டர் ரோஸ்லின். வயது முப்பத்தொன்பது. அவளிடம் ஆராய்ச்சி படிக்க வந்தவர் டாக்டர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. அவள் அவரை "சார்" என்றாள். அவர் அவளை "டீச்சர்" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். நாளாக ஆகக் கேலி உதிர்ந்து, டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது.

சேர வந்த அன்று அவள் கேட்டாள்.

"முப்பதாயிரம் ஆபரேஷன் செஞ்ச கை சார் உங்களுது. இங்க வந்து என்ன படிக்கப் போறீங்க?"

"நல்லா ஆனவங்க பழத்தோட வந்து பாத்தாங்க டீச்சர். ஆகாதவங்க வரல. அதனால எல்லாருக்கும் நல்லாயிட்டுன்னு முப்பத்தஞ்சு வருஷம் நெனச்சுட்டு இருந்துட்டேன்."

அந்தப் பதிலுக்காகவே அவள் அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

கருவிழியில் புண் வந்து ஆறினால் தழும்பு தங்கிவிடும், பாலில் ஆடை படிகிற மாதிரி. அந்தத் தழும்பைக் கரைக்க ஒரு சொட்டு மருந்து. ஆவுடையப்பன் பல வருஷமாக மனதில் வைத்துக் காத்திருந்த மருந்து. முறைப்படி அனுமதி வாங்கி, முதலில் நாற்பது பேருக்குக் கொடுத்தார்கள். மாதம் ஒரு தடவை இருட்டறையில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு கருவிழியைப் படம் எடுப்பார்கள்.

பார்வையைச் சோதிக்க வேறொரு பெண் இருந்தாள். மருந்து கொடுக்கிறவர் அந்த அறையில் நிற்கக் கூடாது என்று ரோஸ்லின் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவையும் ஆவுடையப்பன் தலையாட்டினார். ஆட்டிவிட்டுப் போய் நின்றார். அவருடைய மருந்து. அவரால் வெளியே நிற்க முடியவில்லை.

ஆறாம் மாதம் ஒரு மதியம், ஒரு கையில் தாளும் இன்னொரு கையில் படமுமாக அவர் ரோஸ்லினின் அறைக்கு வந்தார்.

"டீச்சர், படம் சொல்லுறத நம்பணுமா, ஆள் சொல்லுறத நம்பணுமா?"

"யாரு படம் சார்?"

"முத்துப்பேச்சி."

முத்துப்பேச்சி உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரியவள். இடது கண் குழந்தையிலேயே போய்விட்டது. வலது கண்ணில் உப்புத் தூள் விழுந்து, கசக்கி, புண்ணாகி, தழும்பாகிவிட்டது. மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான்.

"படத்துல தழும்பு அப்படியே இருக்கு" என்றார் அவர். "ஆனா முதல் மாசம் மேல் வரிகூடப் படிக்கல. இப்ப கீழேருந்து மூணாவது வரி வரைக்கும் படிக்காங்க. மெஷினுக்கு என்ன தெரியும்? பாக்குறது மனுஷியில்லையா?"

"இன்னிக்கு என்ன அவசரம்?"

"கண் வங்கியில இருந்து பேசினாங்க. வியாழக்கிழமைக்கு ஒரு கருவிழி கிடைக்குமாம். வரிசையில அடுத்த பேரு முத்துப்பேச்சி. மருந்துலயே பார்வை வந்துட்டுன்னு நான் கையெழுத்துப் போட்டா, அடுத்தாளுக்குப் போயிரும். அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

"அடுத்த கருவிழி எப்ப வரும்?"

"யாரு கண்டா? ஒரு வருஷமும் ஆகலாம்."

ரோஸ்லின் படத்தை வாங்கிப் பார்த்தாள். பனிமூட்டத்துக்குள் ஏதோ இருப்பதுபோல இருந்தது அந்தக் கண். வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவங்க வந்திருக்காங்களா?"

"இருட்டறைக்கு வெளிய பெஞ்சுல இருக்காங்க. மக கூட்டிட்டு வந்திருக்கா."

"பத்து நிமிஷம் கழிச்சு உள்ள கூட்டிட்டு வாங்க. நீங்க எப்பவும் நிக்கிற இடத்துலயே நில்லுங்க. எப்பவும் சொல்றதையே சொல்லுங்க."

"நான் நிக்கக் கூடாதுன்னு நீங்கதான..."

"இன்னிக்கு நில்லுங்க சார்."

அந்த அறை இருபதடி நீளம். சுவர்களுக்குக் கறுப்புப் பூச்சு. ஒரு கோடியில் நாற்காலி. மறுகோடியில் விளக்குப் பெட்டி, அதன் முகப்பில் எழுத்துப் பலகை. கதவைச் சாத்தினால் உலகத்தில் அந்த வெளிச்சம் ஒன்றுதான் இருக்கிறது என்று தோன்றும்.

ஆவுடையப்பன் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் பின்னால் தன் இடத்தில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

பெட்டியில் எழுத்து இல்லை. பலகை, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லினின் மடியில் கவிழ்ந்து கிடந்தது. வெறும் வெள்ளை வெளிச்சம் மட்டும் எரிந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரோஸ்லின் உதட்டில் விரலை வைத்தாள்.

"படிங்கக்கா" என்றாள். "மேல இருந்து."

முத்துப்பேச்சி கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கண்ணைச் சுருக்கினாள்.

"ட" என்றாள்.

நிறுத்தினாள்.

"ப... ம."

மறுபடி நிறுத்தினாள். எதற்கோ காத்திருந்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டரய்யா போயிட்டாவளா?"

ஆவுடையப்பன் ரோஸ்லினைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"இருக்கேன் தாயி."

"சத்தத்தக் காணுமேன்னு பாத்தேன்."

"சபாஷ் தாயி. அடுத்தது சொல்லு."

அவள் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் தங்குதடையில்லாமல் போனாள். க, ர, ய என்றாள். ல, ட, ந, ப என்றாள். வரி இறங்க இறங்கக் குரலையும் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டாள். ஓரிடத்தில் "வ" என்று சொல்லி, "இல்லல்ல, ய" என்று திருத்திக்கூடச் சொன்னாள். அந்தத் தடுமாற்றமும் போன மாதம் சொன்ன அதே இடத்தில் வந்தது.

ஆவுடையப்பன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுத்துகள் அங்கே ஒவ்வொன்றாக வந்து நின்றன. முப்பதாயிரம் கண்களைத் திறந்து பார்த்தவர் அவர். இல்லாத எழுத்து அவருக்குத் தெரிந்தது. கீழிருந்து மூன்றாவது வரியின் கடைசி எழுத்தை அவள் சொன்னபோது, அதுவும் வந்து தன் இடத்தில் நின்றது. அப்புறம் அவர் கண்ணைத் துடைத்தார். வெள்ளை மட்டும்தான் இருந்தது.

அவர் நடந்துபோய் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"முத்துப்பேச்சி, அங்க எழுத்தே இல்ல தாயி."

 முத்துப்பேச்சி முந்தானையை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியளா?"

"எப்படிப் பாடமாச்சு?"

"வெளிய பெஞ்சுல இருந்தா உள்ள படிக்கிறது கேக்கும்லா. மாசாமாசம் கேட்டா வாய்ப்பாடு மாதிரி தானா வந்துரும். நான் மட்டுமில்ல, பாதிப் பேருக்குத் தெரியும்."

"ஏன் தாயி இப்படிச் செஞ்ச?"

"மொத மாசம் தெரியலன்னுதான் சொன்னேன். நீங்க ஒரு பெருமூச்சு விட்டிய. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அடுத்த மாசம் ரெண்டு எழுத்து சொன்னேன், சபாஷ் தாயின்னிய. பிள்ளைக்குப் பரீட்சையில பாஸான மாதிரி ஒரு சந்தோசம் உங்க கொரல்ல. என் கண்ணுதான் போயிட்டு. உங்க மனசையும் எதுக்கு நோவடிக்கணும்?"

"இப்ப என்ன தெரியுது? நிசத்தச் சொல்லு."

"வெள்ளையாத் தெரியுது. அதுல நீங்க ஒரு நெழலு."

ஆவுடையப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து போன் செய்தார். வியாழக்கிழமைக் கருவிழி முத்துப்பேச்சிக்கு என்றார். இல்லை, மருந்து கேட்கவில்லை என்றார். பேரை ஒரு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

அவளை மகளிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, ரோஸ்லின் பலகையை மறுபடி பெட்டியில் பொருத்திக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபமாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"நாப்பது பேரையும் மறுபடி பாக்கணும்" என்றார்.

"ஆமா சார்."

"வேற வேற பலகை வேணும். பெஞ்ச அந்தக் கோடிக்குத் தள்ளிப் போடணும். நான் உள்ள வரமாட்டேன்."

"சரி சார்."

"மருந்து ஒண்ணும் செய்யலன்னே வந்தாலும் வரலாம்."

"வரலாம்."

அவர் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய ஆறு மாதத்துத் தாள்களையும் மடியில் பரப்பினார். கடைசித் தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்த கோடு அழகாக மேலே ஏறிப் போயிருந்தது.

"தழும்பு கரையல. பார்வை கூடல. அப்ப ஆறு மாசமா நான் எதைத்தான் அளந்தேன் டீச்சர்?"

ரோஸ்லின் அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"உங்க மேல அவங்களுக்கு இருக்கிற பிரியத்த. அது மாசாமாசம் கூடியிருக்கு சார். அளந்ததுல தப்பில்ல."