ஊர் தெரியாத குத்துவாள்

சிங்கம்பாளையம் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் பழைய குத்துவாள்களைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர் சங்கையா. எங்கிருந்து வந்தன என்று தெரியாத ஏழு வாள்களின் அட்டையில் 'ஊர் தெரியாது' என்றே எழுதி வைத்திருந்தார்.

புதிய காப்பாளர் அரங்கநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. சட்டையில் எண்ணெய் படுமென்று ஒரு வாளையும் தொட்டுப் பார்க்காத மேதை அவர்.

"தெரியாதுன்னு எழுதவாய்யா உனக்குச் சம்பளம்? இன்னிக்கே ஏழுக்கும் ஊர் எழுது. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"நான் அதிகம் படிக்காதவன் ஐயா. நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று சங்கையா ஒரு வாளை உறையோடு நீட்டினார். பார்வையாளர்கள் கூடிவிட்டார்கள்.

அரங்கநாயகம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செருமினார். "இது ஜாவா. உள்ளே அலகு பாம்புபோல நெளிந்திருக்கும். மூன்று அரசர்களைக் கொன்ற எஃகு."

சங்கையா ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். பிறகு வாளை உருவினார். வெறும் பிடிதான் வந்தது. அதில் அலகு செருகத் துளைகூட இல்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் அழகுக்கு இடுப்பில் செருகும் மரப்பொம்மை அது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அந்த அட்டையைக் கிழிச்சிடுய்யா. நீ வேலையில இரு" என்று அரங்கநாயகம் முனகினார்.

"கிழிச்சிடுறேன் ஐயா. அந்த மூணு ராஜாவும் எதால செத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."