சோப்புப் போட்டுக் குளித்த தவளை

குளத்தங்கரைச் சேம்பு இலைக்கடியில் ஒரு தவளை இருந்தது. பெயர் தொப்பையன். அவன் தோலின் வழவழப்பில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஆயிரமாயிரம் குடியிருந்தன. வழவழப்பைத் தின்றுகொண்டு, நோய் கொண்டுவரும் பூஞ்சையை அண்டவிடாமல் விரட்டுவதுதான் அவற்றின் பிழைப்பு.

விரட்டுகிற சங்கதி தொப்பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகில் ஓயாத கூச்சல்தான்.

“யாரு அங்க? தள்ளிப் போ!” “டேய், இடுக்குல ஒருத்தன் நுழையறான், பிடி!”

“கொஞ்சம் கண்ணயர விடுங்களேன்டா!”

“நீங்க தூங்குங்கண்ணே, நாங்க முழிச்சிருக்கோம்!” என்றது குண்டுமணி. கிருமிகளிலேயே பொடிசு அதுதான். தொண்டை மட்டும் பெரிசு.

ஆஸ்பத்திரிப் புளியமரத்துக் காக்கையிடம் தொப்பையன் புலம்பினான்.

“உன் மேல கிருமியா? அடப்பாவி! நான் ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கிறவன். கிருமின்னா நோய், நோய்னா சாவு. அவ்வளவுதான் படிப்பு!”

சொன்னதோடு நிற்கவில்லை. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவள் அசந்த நேரம் ஒரு சோப்புத் துண்டைக் கவ்வி வந்து போட்டது.

தொப்பையன் தேய்த்தான். நுரை பொங்கியது. “வேணாம்ணே! அண்ணே!” என்ற குரல்கள் நுரையோடு போயின. அப்பாடா! சத்தமே இல்லை. காலை நீட்டித் தூங்கினான்.

தண்ணீரில் மிதந்து வந்த பூஞ்சை ஒன்று அவன் முதுகில் கால் வைத்தது. யாரும் அதட்டவில்லை.

“அட, வீடு திறந்தே கிடக்கு! எல்லாரும் வாங்கடா!”

தவளைக்குத் தோலும் ஒரு மூக்கு. தோல் தடித்து உரிய, தொப்பையனுக்கு மூச்சு முட்டியது. “காக்கையண்ணே, காப்பாத்துங்க!”

“ஐயையோ, எனக்கும் ஒட்டிக்கும்!” காக்கை பறந்தே போனது.

தொப்பையனுக்கு அழுகை வந்தது. திட்டுவதற்குக்கூட முதுகில் ஆள் இல்லையே!

“அண்ணே...” கக்கத்திலிருந்து ஒரு முனகல். குண்டுமணி!

“நீ இன்னும் இருக்கியா?”

“கக்கத்துல சோப்பு எட்டலண்ணே. சோம்பேறித்தனமாக் குளிச்சீங்க, பிழைச்சோம்!”

“தப்புப் பண்ணிட்டேன்டா...”

“அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். கரைச் சேத்துல போய்ப் புரளுங்க. எங்க சொந்தபந்தம் அங்கதான் இருக்கு.”

வயிற்றால் இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் புரண்டான். ஏறியது உறவுக்கூட்டம். கிருமிகள் பெருகச் சொல்லித்தர வேண்டுமா? ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. பூஞ்சைக்கு உட்கார இடமில்லை, தின்னத் தீனியில்லை. போதாக்குறைக்குக் கசப்புச் சாற்றை வேறு அதன் மேல் பீய்ச்சின.

“இந்த வீடு நமக்குச் சரிப்படாதுடா!” பூஞ்சைக் கும்பல் ஓட்டம் பிடித்தது.

புதுத்தோல் வந்தது. மழையும் வந்தது. தொப்பையன் தொண்டை திறந்து கத்திக்கொண்டிருந்தபோது காக்கை மறுபடி வந்து இறங்கியது. “தம்பி, இது வாசனை சோப்பு!”

தொப்பையன் வாயைத் திறப்பதற்குள் முதுகிலிருந்து ஆயிரம் குரல் எழுந்தது: “யாரு அங்க? தள்ளிப் போ!”

அந்தக் கூச்சலிலேயே தொப்பையன் சுகமாகக் கண்ணயர்ந்தான்.

கிருமி என்ற ஒரே பேரைச் சொல்லிக் காவல்காரனையும் விரட்டுகிறவன், கள்ளனுக்குத் தானே கதவைத் திறந்துவிடுகிறான்.